மூன்று தீவுக்கு மின்சாரம்: குறிகட்டுவானில் நின்று பார்த்தது

யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, கடலை ஊடறுத்துப் போட்ட வீதியான வாணர் தாம்போதி, புங்குடுதீவு என்று போய்க்கொண்டே இருக்கும். பஸ் நிற்கிற இடத்தோடு வீதியும் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் படகுதான். நயினாதீவுக்குப் போகிறவர்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. கால்மணி, இருபது நிமிடத்தில் போய்விடலாம். நாகபூஷணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் சனம் போய்வருவதால் படகுக்கும் குறைவில்லை. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும். கடல் குழம்பினால் இன்னும் கூடும்.

சோழகக் காற்று அடிக்கிற ஒரு காலையில் அந்த இறங்குதுறையில் நின்று, படகில் என்னென்ன ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சீமெந்துப் பைகள், கோழித்தீன், சோடாப் பெட்டிகள், ஐஸ் நிரப்பி ரேப் சுற்றிய றெஜிபோம் பெட்டிகள். கடைசியில் ஒரு குளிர்சாதனப் பெட்டி வந்தது. பழைய மெத்தை ஒன்றைச் சுற்றி, கயிறு போட்டு, நான்கு பேர் தூக்கினார்கள். படகு ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் தாழ, அது கீழே போய்விடுமோ என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கடைக்கு வாங்கியதாம்.

"கரண்ட் ஒழுங்கா வருமோ அண்ணை?" என்று கேட்டேன்.

"வரும் தம்பி. நிண்டால் எப்ப வரும் எண்டதுதான் தெரியாது."

கடலின் இந்தப் பக்கம் மின்சாரம் நின்றால் எங்கோ ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்திருக்கும். நெடுந்தீவில் நின்றால் காரணம் பெரும்பாலும் ஒரு இயந்திரம், அதற்குள் ஊற்றும் டீசல், அல்லது கரையிலிருந்து வரவேண்டிய ஒரு உதிரிப்பாகம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் இந்த டீசலோடு வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுப்பதாகச் சொல்லி வந்த திட்டம் கொழும்பு, டில்லி, பெய்ஜிங் என்று சுற்றி, மூன்று வருடத்துக்கு மேல் பத்திரிகைகளின் முன்பக்கத்தில் இருந்தது. அந்தத் திட்டத்தை இறங்குதுறைப் பக்கமிருந்து பார்க்க முடியுமா என்பதுதான் இந்த ஆய்வு.

தாம்போதி இல்லாத தீவுகள்

தீவகம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அங்கே இரண்டு வகைத் தீவுகள் உண்டு. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகர் எல்லாம் வீதியாலும் தாம்போதியாலும் குடாநாட்டோடு ஒட்டியவை. வீதி போன இடத்துக்கு மின்கம்பியும் போயிருக்கிறது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு நான்கும் கடல் சூழ்ந்தவை. தேசிய மின்வலையமைப்பு அங்கே எட்டவில்லை. மின்சார சபை ஒவ்வொரு தீவிலும் டீசல் மின்பிறப்பாக்கி வைத்துத்தான் மின்சாரம் கொடுத்து வந்திருக்கிறது.

இவற்றில் பெரியது நெடுந்தீவு. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் நிலம், சுமார் 4,000 சனம். ஒல்லாந்தர் கால இடிபாடுகள், கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கமரம், பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் என்று சுற்றுலாப் படங்களில் அழகாகத்தான் இருக்கும். நான் போன தடவை எடுத்த படங்களிலும் இவைதான் அதிகம். மின்நிலையத்தைப் படம் எடுக்க எனக்கே தோன்றவில்லை.

தீவு முழுவதும் பவளச் சுண்ணக்கல். மழைநீர் அந்தக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும். சாராப்பிட்டி போன்ற சில இடங்களைத் தவிர மற்ற இடத்துக் கிணறுகளில் கோடை வந்தால் சவர் ஏறிவிடும். உவர்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களும் அங்கே உண்டு. அவையும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. ஆக டீசல் வந்தால் மின்சாரம் வரும், மின்சாரம் வந்தால் தண்ணீர் வரும், அந்த டீசலைக் கொண்டுவருகிற படகும் டீசலில்தான் ஓடுகிறது. முழுத் தீவும் ஒரு பீப்பாய்க்குள் இருக்கிறது என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

டீசல் கணக்கு

2022இல் இந்தக் கணக்கு எல்லோருக்கும் வெளிச்சமானது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ரூபா. சிறிய மின்பிறப்பாக்கி ஒன்று ஒரு லீற்றரில் மூன்று அல்லது மூன்றரை அலகு மின்சாரம்தான் தரும். அப்படியென்றால் எரிபொருளுக்கு மட்டும் அலகுக்கு 130, 150 ரூபா ஆகியிருக்கும். இயந்திரத் தேய்மானம், ஆட்கூலி, கடலால் ஏற்றி இறக்கும் செலவு எல்லாம் அதற்கு மேலே.

இந்தச் செலவு தீவு மக்களின் பில்லில் அப்படியே வருவதில்லை. கட்டண அட்டவணை நாடு முழுக்க ஒன்றுதான். கொழும்பில் 60 அலகு பாவிக்கிற வீடு கட்டுவதைத்தான் நெடுந்தீவில் 60 அலகு பாவிக்கிற வீடும் கட்டுகிறது. மிச்சத்தை மின்சார சபை தாங்கும். அதாவது நாட்டின் மற்றப் பாவனையாளர்கள் தாங்குகிறார்கள். இது நியாயமான ஏற்பாடு, அதில் எனக்குக் கேள்வி இல்லை. ஆனால் இதிலிருந்து ஒரு விடயம் கிளம்புகிறது. அதைப் பற்றிப் பேச்சே நடக்கவில்லை: டீசலுக்குப் பதில் வெயிலும் காற்றும் மின்சாரம் தந்தால், மிச்சமாகும் பணம் மின்சார சபைக்குத்தான் மிச்சம். தீவில் இருப்பவரின் பில் ஒரு சதமும் குறையப்போவதில்லை.

அப்படியானால் தீவு ஆளுக்கு இந்தத் திட்டத்தால் என்ன கிடைக்கும்? நிற்காத மின்சாரம் கிடைக்கலாம். ஐஸ் போடும் இயந்திரம் ஒன்றைத் தீவிலேயே வைக்கலாம். கரையிலிருந்து றெஜிபோம் பெட்டியில் வருகிற ஐஸ் பாதி வழியிலேயே தண்ணீராகிறது. தண்ணீர் இயந்திரம் தவறாமல் ஓடலாம். வைத்தியசாலையில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியைப் பற்றிக் கவலை குறையலாம். இவைதான் அளவுகோல். பத்திரிகைச் செய்திகள் கிலோவாற்றில் அளந்தன.

டீசலைப் பற்றிக் குடாநாட்டுக்கு இன்னொரு நினைவும் உண்டு. தேசிய வலையமைப்பு மீண்டும் வந்துசேரும் வரை யாழ்ப்பாணமும் சுன்னாகத்து டீசல் மின்நிலையங்களால்தான் ஓடியது. அங்கிருந்த தனியார் நிலையம் ஒன்றின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. கிணற்றில் வாளி விட்டால் எண்ணெய்ப் படலத்தோடு தண்ணீர் வந்த நாட்களை வலிகாமத்தில் யாரும் மறக்கவில்லை. சுன்னாகமும் சுண்ணக்கல், நெடுந்தீவும் சுண்ணக்கல். சுன்னாகத்தாருக்குப் பக்கத்து ஊரிலிருந்து தண்ணீர்ப் பவுசர் வந்தது. நெடுந்தீவுக்குப் பவுசர் எங்கிருந்து வரும்?

மூன்று வருடம், மூன்று தலைநகரம்

முதலில் எழுவைதீவில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சிறிய முன்னோட்டம் ஒன்று செய்தார்கள். சூரிய ஒளி, காற்றாலை, மின்கலம், அவசரத்துக்கு டீசல் என்று கலந்த முறை. சின்னத் தீவு, சின்னத் திட்டம். அதை நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் விரிப்பதே அடுத்த படி. அதே வங்கியின் கடனில் சர்வதேசக் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2021 ஜனவரியில் சீன நிறுவனக் கூட்டு ஒன்றுக்கு வேலையைக் கொடுக்க அமைச்சரவை அனுமதித்தது. ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் டொலர் வேலை.

தமிழ்நாட்டுக் கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் சீன நிறுவனமா என்று டில்லி முகம் சுளித்தது. அடுத்த மாதமே, அந்தத் தொகையை நன்கொடையாகவே தருகிறோம் என்றது. கொழும்பு ஆமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க இழுபட்டு, டிசம்பர் தொடக்கத்தில் சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பு ஒன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாக வேலையை நிறுத்துவதாக அறிவித்தது. அதே நிறுவனம் மாலைதீவில் 12 தீவுகளுக்கு இதே மாதிரி வேலை எடுத்திருப்பதையும் சேர்த்துச் சொன்னது. அதிலிருந்த குத்தல் எல்லோருக்கும் விளங்கியது. சில நாட்களில் சீனத் தூதுவர் யாழ்ப்பாணம் வந்து, வேட்டி கட்டி, மேற்சட்டை இல்லாமல் நல்லூர்க் கோயிலுக்குப் போனார். நூலகத்துக்கும் போனார். இங்கே ஒரு கிழமைக்கு அந்த வேட்டிதான் பேச்சு.

2022 மார்ச் 28இல் இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பில் நின்றபோது புரிந்துணர்வு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அந்த நேரம் நாடு வங்குரோத்தின் வாசலில் நின்றது. யாரும் நன்கொடையை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. அதன் பிறகு இரண்டு வருடம் போனது. 2024 மார்ச் 1இல் பெங்களூரு நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம். இந்திய நன்கொடை 1 கோடி 10 இலட்சம் டொலர். மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாற் சூரிய ஒளி, 530 கிலோவாற் காற்று, 2,400 அலகைத் தேக்கும் மின்கலங்கள், அவற்றோடு 2,500 கிலோவாற் டீசல்.

கடைசி எண்ணைத் திரும்பப் பாருங்கள். சூரிய ஒளியையும் காற்றையும் கூட்டினாலும் டீசலின் அளவு அதிகம். இதில் பிழை இல்லை. மாரி மழையில் மூன்று நாள் வெயில் வராவிட்டால் தீவு இருட்டில் கிடக்க முடியாது. ஆனாலும் டீசல் தீவை விட்டுப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம். பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும்.

சரி, இந்தச் சுற்றால் இலாபமா நட்டமா? நேர்மையாகச் சொன்னால் இரண்டும் உண்டு. கடன் நன்கொடையாக மாறியது நல்ல விடயம்தான். முதல் முடிவுக்கும் கடைசி ஒப்பந்தத்துக்கும் இடையில் போன மூன்று வருடமும் நட்டம். அந்த மூன்று வருடத்துக்குள்தான் டீசல் 460 ரூபாவுக்குப் போனது. சீனத் திட்டம் நேரத்துக்கு முடிந்திருக்கும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்பதும் உண்மை.

கேட்க ஆளில்லாத காலம்

இத்தனை இழுபறியிலும் தீவுகளின் சார்பில் மேசையில் இருந்தது யார் என்று தேடினேன். வடமாகாண சபைக்கு 2013 செப்டெம்பரில் தேர்தல் நடந்தது. 2018 ஒக்ரோபரில் அதன் ஆயுட்காலம் முடிந்தது. இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் நடந்தபோது மாகாணத்துக்கு ஆளுநர் இருந்தார், சபை இல்லை. பிரதேச சபைகள் 2018இல் தெரிவாகி 2023 மார்ச்சில் கலைந்தன. அடுத்த தேர்தல் 2025 மே மாதம்தான். ஆக 2024 ஒப்பந்தம் கைச்சாத்தான நாளில் நெடுந்தீவில் தெரிவான உறுப்பினர் ஒருவர்கூடப் பதவியில் இல்லை. செயலாளர் ஒருவர் கையெழுத்து வைத்து அலுவல் நடந்தது.

பாராளுமன்றத்திலும் குரல் சுருங்கியபடிதான். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இலும் 2020இலும் 7, 2024இல் 6. ஆசனம் பதிவான வாக்காளர் தொகையைப் பொறுத்தது. சனமும் குறைந்திருக்கிறது. 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரமாக இருந்த யாழ் மாவட்டம் 2012 கணக்கெடுப்பில் 5 இலட்சத்து 83 ஆயிரம். தீவுகளில் எத்தனை வீடு கூரையில்லாமல் நிற்கிறது என்பதைக் கணக்கெடுப்பு இல்லாமலே நடந்து பார்க்கலாம்.

இந்தியா என்றதும் தீவகத்து மீனவர்களின் முகம் வேறு காரணத்துக்காக மாறும். நெடுந்தீவுக் கடலில் கிழமைக்கு மூன்று இரவு இந்திய இழுவைப்படகுகள் வருவது அவர்களுக்கு மனப்பாடம். இலங்கை 2017 ஜூலையில் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடைசெய்தது. ஆனால் எல்லை தாண்டி வருகிற படகு அறுத்துக்கொண்டு போகிற வலைக்கு அந்தச் சட்டம் நட்டஈடு தருவதில்லை. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. மீன்பிடிப் படகின் வெளி இணைப்பு இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில். அந்த நேரம் கடலுக்குப் போய் வலையையும் இழந்தவனிடம் போய், இந்தியா சூரிய ஒளி தருகிறது என்று சொல்லிப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லமாட்டான். நன்றி சொல்வான் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

மன்னாரின் கதை இதற்கு எதிர்ப்பக்கம். அங்கே காற்றாலைகள் தேசிய வலையமைப்புக்காக. ஊர்ச்சனம் 2025இல் வீதியில் இறங்கி எதிர்த்தது. மூன்று தீவுகளில் உற்பத்தியாகிற மின்சாரம் அந்தத் தீவுகளுக்கே. இது பெரிய வித்தியாசம், இந்தத் திட்டத்தின் பக்கம் நிற்க எனக்கு இருக்கிற முதற்காரணமும் இதுதான்.

நெடுந்தாரகை

இனி என்ன நடக்கும் என்று ஊகிக்க மின்சாரத்தை விட்டுவிட்டுப் படகைப் பார்க்கலாம்.

நெடுந்தீவுச் சனத்துக்குப் படகு என்றால் முதலில் வாயில் வருவது குமுதினி. பழைய மரப்படகு. 1985 மே 15இல் அதில் போனவர்களை நடுக்கடலில் மறித்து, குழந்தைகள் உட்பட, வெட்டிக் கொன்றார்கள். கடற்படையினர்தான் செய்தார்கள் என்பது உயிர்தப்பியவர்களின் சாட்சியம். அதன் பிறகும் அந்தப் படகைத் திருத்தி ஓட்டினார்கள், ஏனென்றால் வேறு வழி இல்லை. ஒவ்வொரு மே மாதமும் விளக்கேற்றி நினைவுகூர்கிறார்கள்.

2017 தொடக்கத்தில் நெடுந்தாரகை வந்தது. வெளிநாட்டு நிதியுதவியில் கொழும்புக் கப்பல்கட்டும் தளத்தில் கட்டிய, 80 பேர் இருக்கக்கூடிய நல்ல படகு. திறப்பு விழாவுக்குத் தூதுவர்கூட வந்தார், மாலை போட்டோம், படம் எடுத்தோம். அதை ஓட்டுகிற பொறுப்பு நெடுந்தீவுப் பிரதேச சபையின் தலையில் வந்தது. வரி கட்டக் கடைத்தெருவே இல்லாத ஒரு சபை அது. மரப்படகைவிடப் பெரிய இயந்திரம், கூடுதல் எரிபொருள், பழுதானால் ஊரில் திருத்த ஆளில்லை. ஓடிய நாட்களோடு கட்டிக்கிடந்த நாட்களும் சேர்ந்தன.

அரச கணக்கில் மூலதனச் செலவு, மீண்டுவரும் செலவினம் என்று இரண்டு பத்தி உண்டு. முதலாவதுக்குத் தூதரகங்கள் வரிசையில் நிற்கும், பெயர்ப்பலகையும் கிடைக்கும். இரண்டாவது பத்தியில் எண்ணெய், வடிகட்டி, பெல்ட், சம்பளம் என்று வரும். அதற்குத் திறப்பு விழா வைக்க முடியாது. நெடுந்தாரகையில் நடந்தது சூரியப் பலகையிலும் நடக்கலாம் என்பதுதான் என் பயம். பலகையைவிடக் காற்றாலைக்குப் பயம் கூட. அதே சோழகம்தான் படகை ஆட்டுகிறது, காற்றாலையைச் சுழற்றுகிறது, கூடவே உப்பையும் கொண்டுவந்து ஒவ்வொரு மூட்டிலும் படிய விடுகிறது. தீவில் சைக்கிள் செயினுக்கே மாதம் ஒருமுறை எண்ணெய் போடவேண்டும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. இந்தக் கலப்பு முறையில் மின்கலம் பழுதானால் மின்பிறப்பாக்கி தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும். வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். யாரும் முறைப்பாடு செய்யமாட்டார்கள். மின்சார சபையின் டீசல் பில் மட்டும் ஏறும். அதைக் கவனிக்கிற மேசை கொழும்பில் இருக்கிறது. அந்த மேசைக்கே யார் பொறுப்பு என்பதும் மாறிக்கொண்டிருக்கிறது. 2024இன் மின்சாரச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்தது. நட்டத்தில் ஓடும் நான்கு தீவுகளை எந்தக் கம்பனி விரும்பி எடுக்கும்?

கேட்கவேண்டியவை

இப்போது தெரிவான பிரதேச சபை இருக்கிறது. அது கேட்கக்கூடிய சில விடயங்கள் எனக்குப் படுகின்றன. நான் மின்பொறியியலாளன் இல்லை. படகுக்குக் காத்திருந்த அனுபவம் மட்டும் உண்டு.

ஒப்பந்தப் பிரதியில் பராமரிப்பு எத்தனை வருடத்துக்கு, யார் செலவில் என்று தமிழில் எழுதி பிரதேச செயலகத்து அறிவித்தல் பலகையில் ஒட்டவேண்டும். மின்கலங்களின் ஆயுள் பத்து, பதினைந்து வருடம். அவற்றை மாற்றும் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு இன்றே பதில் வேண்டும், ஏனென்றால் அந்த நாளில் எந்தத் தூதுவரும் வரமாட்டார். டீசல் மிச்சப்பட்டால் அந்த மிச்சத்தில் ஒரு பங்கைத் தீவுகளின் பராமரிப்பு நிதியாகப் போடச் சொல்லலாம். கட்டணத்தில் கைவைக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட ஆள். மூன்று தீவிலும் சாதாரண தரம், உயர்தரம் முடித்துவிட்டு வேலைக்காகக் கரைக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வேலை நடக்கிற காலத்திலேயே அவர்களில் நான்கைந்து பேரைச் சேர்த்துப் பழக்கினால், இன்வேட்டர் ஒன்று பழுதாகும்போது யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வரும்வரை, கடல் அடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர்களையும் தாதிகளையும் தீவுக்கு அனுப்பி, அவர்கள் திங்கள் வந்து வெள்ளி திரும்புவதைப் பல வருடமாகப் பார்த்துவிட்டோம். வீடு தீவிலேயே உள்ள ஒரு தொழில்நுட்பவியலாளருக்கு வெள்ளிக்கிழமைப் படகு ஒரு பிரச்சினையே இல்லை.

அன்றைக்கு நானும் அந்தப் படகில் போனேன். குளிர்சாதனப் பெட்டி முழு வழியும் மெத்தைக்குள் நின்றபடி வந்தது. அண்ணை அதைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். அலை ஏறி மெத்தை நனைந்தது, பெட்டி நனையவில்லை. நெடுந்தீவில் இறக்கியதும் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள். மோட்டரைக் காப்பாற்ற ஒரு ஸ்ரெபிலைசரும் வாங்கி, சட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதன் விலையை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.